பொன்னாடை போதும், பங்கில் பங்கு கொடுங்கள்

மார்ச் 8 வந்தால் எங்கள் பகுதிக் கத்தோலிக்கப் பங்குகள் பலவற்றில் ஒரு நிகழ்ச்சி நடக்கிறது. ஞாயிறு திருப்பலி முடிந்ததும் பங்குத்தந்தை ஒலிபெருக்கியில் சில பெண்களின் பெயர்களை வாசிப்பார். பங்குக்கும் சமூகத்துக்கும் அரும்பணி ஆற்றிய அன்னையர் என்ற அறிமுகத்தோடு அவர்கள் பீடத்துக்கு முன்னால் வரிசையாக நிற்பார்கள். ஆளுக்கொரு பொன்னாடை, ஒரு நினைவுப் பரிசு, கடைசியில் ஒரு குழுப்படம். மார்ச்சில் விட்டுப்போனால் ஆகஸ்ட் 15 விண்ணேற்பு அன்னை திருவிழாவிலோ செப்டம்பர் 8 ஆரோக்கிய அன்னை திருவிழாவிலோ அது நடந்துவிடும்.

நான் விருதுநகர் மாவட்டத்தில் பிறந்த தலித் கத்தோலிக்கப் பெண். என் அம்மா பட்டாசு ஆலைகளில் திரி வெட்டியும் சரம் பின்னியும் எங்களைப் படிக்க வைத்தவர். இந்தப் பொன்னாடை நிகழ்ச்சியை நான் எதிர்க்கவில்லை. ஆயுள் முழுக்க 'ஏ, இந்தாம்மா' என்று மட்டுமே அழைக்கப்பட்ட ஒருத்தியின் முழுப்பெயர் கோவில் ஒலிபெருக்கியில் கேட்பது சின்ன விசயமல்ல. அந்த மகிழ்ச்சியைக் கேலி செய்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அந்தப் பெண்கள் மறுநாள் எந்த இடத்துக்குத் திரும்புகிறார்கள் என்பதைக் கேட்காமல் இருக்க முடியாது. பங்குப் பேரவையில் அவர்களுக்கு இடம் இருக்கிறதா? பங்கின் கணக்கைப் பார்க்கும் நிதிக்குழுவில் இருக்கிறதா? திருவிழாவில் தேருக்கு முன்னால் யார் நிற்பது என்று முடிவெடுக்கும் கூட்டத்தில் இருக்கிறதா? இல்லை என்றால் அந்தப் பொன்னாடை எதற்கு ஈடாகப் போர்த்தப்படுகிறது?

மரியாதையும் சுயமரியாதையும்

எங்கள் மாவட்டத்தின் பெயரிலேயே விருது இருக்கிறது. விருதுபட்டி என்று இருந்த ஊர்தான் விருதுநகர் ஆனது. 1985-இல் பழைய இராமநாதபுரம் மாவட்டத்தைப் பிரித்தபோது உருவான மாவட்டம் இது. அந்தப் பழைய சீமையில் மரியாதை என்பது ஒருபோதும் வெறும் பாராட்டாக இருந்ததில்லை. முதல் மரியாதை, பரிவட்டம், மண்டகப்படி எல்லாமே யார் மேலே, யார் கீழே என்பதை ஊர் முன்னிலையில் ஆண்டுதோறும் எழுதிக் காட்டும் ஏற்பாடுகள். கோவிலில் கிடைக்கும் விபூதியின் வரிசையைப் பார்த்தே ஊரின் சாதி வரிசையைச் சொல்லிவிடலாம்.

கிறித்தவம் வந்ததும் இது மாறியிருக்க வேண்டும். மாறவில்லை. இராமநாதபுரம் சீமையின் கத்தோலிக்க ஊர்களில் புனிதர் திருவிழாவின் மரியாதைகள் எப்படிச் சாதி வரிசைப்படி பங்கிடப்பட்டன, அந்த வரிசையை எதிர்த்து ஒடுக்கப்பட்ட மக்கள் எப்படிப் போராடினார்கள் என்பதை மானுடவியலாளர் டேவிட் மோஸ் விரிவாக ஆய்ந்து நூலாகவே எழுதியிருக்கிறார். தெற்கே வடக்கன்குளத்தில் ஒரே பீடத்தைப் பார்த்து இரண்டு சாதியாரும் தனித்தனியாக உட்காரும்படி இரண்டு கூடங்களாகவே கோவில் கட்டினார்கள். நடுவில் இருந்த தடுப்பு 1910-இல்தான் இடிக்கப்பட்டது. 2008 மார்ச்சில் விழுப்புரம் மாவட்டம் எறையூரில் தலித் கத்தோலிக்கர் தங்களுக்குத் தனிப்பங்கு வேண்டும் என்று கேட்ட போராட்டம் மோதலாகி, துப்பாக்கிச்சூட்டில் இருவர் இறக்கும் அளவுக்குப் போனது.

இன்னொரு வரலாறும் இந்த மண்ணுக்கு உண்டு. 1931 ஆகஸ்டில் சுயமரியாதை இயக்கத்தின் மூன்றாவது மாகாண மாநாடு விருதுநகரில்தான் நடந்தது. மேலே இருப்பவன் தருவது மரியாதை. தன்னுடையது என்று ஒருவர் எடுத்துக்கொள்வது சுயமரியாதை. பொன்னாடை முதல் வகையைச் சேர்ந்தது. தருபவர் மனம் மாறினால் அடுத்த ஆண்டு கிடைக்காது. நான் பேச வந்தது இரண்டாவதைப் பற்றி.

பட்டாசு மண்ணில் பணி என்றால் என்ன

நாட்டின் பட்டாசில் ஏறத்தாழ 90 விழுக்காடு சிவகாசியைச் சுற்றியே செய்யப்படுகிறது என்பார்கள். அதில் பெண்கள் கைபடாத பட்டாசு இல்லை. காகிதக் குழாய் உருட்டுவது, திரி வெட்டுவது, திரி செருகுவது, சரம் பின்னுவது, லேபிள் ஒட்டுவது, பெட்டியில் அடுக்குவது எல்லாம் பெரும்பாலும் பெண்கள் வேலை. பீஸ் ரேட் என்பதால் கை ஓய்ந்தால் கூலி ஓயும். காலையில் ஆலை வேன் ஊருக்குள் வரும் முன் சோறு பொங்கி, தண்ணீர் பிடித்து, பிள்ளைகளைக் கிளப்பியிருக்க வேண்டும். வாங்கிய அட்வான்ஸ் கழியும்வரை ஆலையை மாற்ற முடியாது.

இந்த வேலை எப்படி முடியும் என்பதை ஊர்ப் பெயர்களாகவே எங்களால் சொல்ல முடியும். 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி: ஏறக்குறைய 40 உயிர்கள். 2021 பிப்ரவரி 12, அச்சங்குளம்: 20-க்கும் மேல். 2023 அக்டோபர் 17, ரெங்கபாளையமும் கிச்சநாயக்கன்பட்டியும்: ஒரே நாளில் 14 பேர், அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 2024 பிப்ரவரி 17, இராமுதேவன்பட்டி: 10 பேர். ஒவ்வொரு முறையும் காரணங்கள் அதேதான். அனுமதித்ததைவிடக் கூடுதல் ஆள், அறை கொள்ளாத மருந்து, உரிமம் ஒருவர் பெயரிலும் வேலை உள்குத்தகைக்காரர் கையிலும், வெயிலில் உராய்வு, ஆர்டரை முடிக்க அவசரம். ஒவ்வொரு முறையும் உரிமையாளர் மேல் வழக்கு, நிவாரண அறிவிப்பு, சில நாள் ஆய்வு. பிறகு வேன் மறுபடியும் வரும்.

இந்த மண்ணில் பங்குக்கும் சமூகத்துக்கும் பணி செய்கிற கத்தோலிக்கப் பெண் யார்? நான் பார்த்து வளர்ந்தவர்களைச் சொல்கிறேன். வெடிச்சத்தம் கேட்டதும் எந்தத் திசை என்று பார்த்துவிட்டு, அந்த ஆலைக்கு யார் யார் போனார்கள் என்று வீடு வீடாக ஓடிக் கணக்கெடுப்பவள். சிவகாசி அரசு மருத்துவமனைக்கும் அங்கிருந்து மதுரை இராசாசி மருத்துவமனைக்கும் கூடப்போய், தீக்காயப் பிரிவின் வாசலில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பவள். கருகிய உடலைத் தாலியையோ மெட்டியையோ வைத்து அடையாளம் சொல்லும் கொடுமையைத் தன் தலையில் ஏற்றுக்கொள்பவள். தாய் செத்த வீட்டில் ஒரு மாதத்துக்கு உலை வைப்பவள். செத்தது மாரியம்மன் கோவிலுக்குப் போகிறவளா, மாதா கோவிலுக்குப் போகிறவளா என்று பார்க்காதவள். நிவாரணத் தொகைக்கான தாள்களோடு தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடப்பவள். மூன்று நாள் காய்ச்சலுக்குக் கூலி பிடித்தபோது சூபர்வைசரிடம் ஏன் என்று கேட்டு வேலை இழந்தவளும் அவள்தான்.

தீப்பெட்டி ஆலைகளிலிருந்து குழந்தைகளை மீட்ட கதையிலும் இப்படிப்பட்ட பெண்கள் இருக்கிறார்கள். 1988-இல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் சிவகாசிக்கு வந்தது. 1996-இல் எம்.சி.மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டமும் திட்டமும் தாளில் வந்தபோது, 'பிள்ளையை அனுப்பாதே, பள்ளிக்கூடத்துக்கு விடு' என்று தெருத் தெருவாகச் சண்டை போட்டவர்கள் உள்ளூர்ப் பெண்களும் கன்னியர் சிலரும். அவர்கள் கேட்டது ஒரு குடும்பத்தின் அன்றாட வருமானத்தை. ஏச்சு வாங்காமல் அது நடந்திருக்காது.

இந்தப் பணிகளில் எத்தனை பொன்னாடைப் பட்டியலில் ஏறுகின்றன? பெரும்பாலும் ஏறுவது பீடத்துக்குப் பூ வைத்தது, மரியாயின் சேனையில் தவறாமல் வந்தது, திருவிழாவுக்கு நன்கொடை திரட்டியது, அன்பியக் கூட்டத்துக்கு வீட்டைக் கொடுத்தது. இவையும் பணிதான். ஆனால் பத்துப் பேர் உட்காரும் வீடு யாரிடம் இருக்கிறதோ அவரே வீட்டைக் கொடுக்க முடியும். பட்டாசு வேன் ஆறு மணிக்குக் கொண்டுவந்து விடும் பெண்ணால் ஐந்து மணிக் கூட்டத்துக்கு வர முடியாது. பட்டியல் போடும்போது சாதியை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அளவுகோலே அந்த வேலையைப் பார்த்துக்கொள்கிறது.

ஊழியம் என்ற சொல்

ஆலயத்தைக் கூட்டுவதும் பணிதான் என்று பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன். சரி. அந்தப் பணிக்கான முறைப்பட்டியலைப் பாருங்கள். நான் அறிந்த ஒரு பங்கில் சனிக்கிழமை ஆலயம் கூட்டும் முறை எங்கள் தெரு அன்பியத்துக்கு மட்டும் அடிக்கடி வந்தது. ஞாயிறு வாசகம் வாசிக்கும் முறை வரவே இல்லை. கேட்டபோது சொன்ன பதில்: 'ஒங்க பொம்பளைங்க வெட்கப்படுவாங்க.' துடைப்பத்தைப் பிடிக்க வராத வெட்கம் மைக்கைப் பிடிக்க மட்டும் வருமாம்.

ஊழியம் என்ற சொல்லை நாம் பக்தியோடு பயன்படுத்துகிறோம். திருவிதாங்கூரில் அதே சொல்லுக்கு ஒடுக்கப்பட்ட சாதியாரிடம் கூலி இல்லாமல் வாங்கிய கட்டாய வேலை என்று பொருள். ஒரே வேலையை ஒருவர் விரும்பிச் செய்தால் தொண்டு, இன்னொருவருக்கு மறுக்க வழியில்லை என்றால் அது பழைய ஊழியம். கோவில் முற்றத்தைக் கூட்டுகிற பெண்ணுக்கு 'முடியாது' என்று சொல்லும் உரிமை இருக்கிறதா என்பதை வைத்தே அது எந்த வகை என்று தெரிந்துகொள்ளலாம். உரிமை இல்லாத இடத்தில் அதைச் சேவை என்று புகழ்ந்து விருது கொடுப்பது, சாதி விதித்த வேலைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதுதான்.

இதைவிடக் கசப்பான ஒன்றும் உண்டு. பொன்னாடை போர்த்தச் சிறப்பு விருந்தினராக வருபவர் யார்? ஒரு பங்கில் நான் பார்த்த ஆண்டு வந்தவர் ஒரு பட்டாசு ஆலை முதலாளி. திருவிழாவுக்குப் பெரிய நன்கொடையாளர். அவரிடம் பொன்னாடை வாங்கியவர்களில் இருவர் அவருடைய ஆலைத் தொழிலாளிகள். கூலியிலும் பாதுகாப்பிலும் மிச்சம் பிடித்த பணம் நன்கொடையாகப் பீடத்துக்குப் போய், அங்கிருந்து நூற்றைம்பது ரூபாய்த் துணியாகத் தொழிலாளியின் தோளுக்கு வருகிறது. அவரும் கைகூப்பி நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. மறுநாள் அறையில் மருந்து அதிகம் என்று அவர் எப்படிப் புகார் சொல்வார்?

பாமாவை நினைவில் வைத்துப் பேசுவோம்

பங்குக்கும் சமூகத்துக்கும் பணி செய்த கத்தோலிக்கப் பெண் என்று இந்த மாவட்டத்திலிருந்து ஒருவரைச் சொல்லச் சொன்னால் நான் பாமாவைச் சொல்வேன். 1958-இல் புதுப்பட்டியில் பிறந்தவர். பாஸ்டினா என்பது ஞானஸ்நானப் பெயர். ஆசிரியராக வேலை பார்த்தவர், ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குத் தன்னைக் கொடுக்க வேண்டும் என்று கன்னியர் மடத்தில் சேர்ந்தார். ஏழாண்டுகள் அங்கே இருந்தார். ஏழைகளுக்கு என்று சொல்லிக்கொண்ட அமைப்பு வசதியானவர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்துவதையும், மடத்துக்குள்ளேயே சாதி உலவுவதையும் பார்த்துவிட்டு வெளியே வந்தார். 1992-இல் 'கருக்கு' வந்தது. 1994-இல் 'சங்கதி' வந்தது. தீப்பெட்டி ஆலைக்குப் போகும் சிறுமி மைக்கண்ணியைத் தமிழ் வாசகர்கள் 'சங்கதி'யில்தான் சந்தித்தார்கள்.

'கருக்கு' ஆங்கிலத்துக்குப் போனது, கிராஸ்வேர்டு விருது பெற்றது, பல்கலைக்கழகங்களில் பாடமானது. 2024-இல் தமிழ்நாடு அரசு பாமாவுக்கு அவ்வையார் விருது கொடுத்தது. சமூகப் பணிக்காகப் பெண்களுக்கு அரசு தரும் விருது அது.

திருச்சபை பாமாவுக்குச் சால்வை போட்டதா என்பதல்ல என் கேள்வி. அவர் கேட்ட கேள்விகளை ஏதாவது ஒரு பங்கு தன் பேரவைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் வைத்ததா என்பதுதான். ஒரு கத்தோலிக்கப் பெண் தன் திருச்சபைக்குச் செய்யக்கூடிய மிகப்பெரிய பணி அதற்கு உண்மையைச் சொல்வது. பூ வைத்தவருக்கு விருது, உண்மை சொன்னவருக்கு மௌனம் என்றால், அந்த விருது எதை வளர்க்கிறது என்பது விளங்கும். அடுத்த தலைமுறைப் பெண்ணுக்கு அது சொல்லும் பாடம், 'வாயை மூடிக்கொண்டு வேலை செய், ஒருநாள் உன் பெயரும் வாசிக்கப்படும்' என்பதே.

திருச்சபை தானே எழுதியது

இதெல்லாம் வெளியாள் பேச்சு, நாத்திகர் பேச்சு என்று தள்ளிவிடுவது எளிது. ஆகவே திருச்சபை தானே எழுதியதையும் பேசியதையும் மட்டும் எடுத்து வைக்கிறேன்.

2003 நவம்பர் 17 அன்று உரோமைக்குச் சென்ற தமிழ்நாட்டு ஆயர்களிடம் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், சாதியின் பெயரால் கிறித்தவர்களுக்கிடையே நடக்கும் எந்தப் பாகுபாடும் மெய்யான மனித ஒருமைக்கு எதிரானது என்ற பொருளில் கண்டித்துப் பேசினார். 2010-இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை பாலினக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. 2016 டிசம்பரில் அதே பேரவை தலித் மேம்பாட்டுக்கான கொள்கையை வெளியிட்டு, திருச்சபைக்குள் தீண்டாமையும் பாகுபாடும் இருப்பதை ஒப்புக்கொண்டது. அதே 2016 சனவரியில் பெரிய வியாழன் பாதம் கழுவும் சடங்கில் பெண்களையும் சேர்க்கலாம் என்று திருத்தந்தை பிரான்சிஸ் விதியை மாற்றினார். 2021 சனவரியில் வாசகர், பீடத்துணைவர் ஆகிய பணிகளைப் பெண்களுக்கும் முறைப்படி திறந்துவிட்டார். 2023 அக்டோபரில் உரோமையில் நடந்த ஆயர் மாமன்றத்தில் பெண்கள் முதன்முறையாக வாக்களித்தார்கள்.

உரோமையில் வாக்களித்தாயிற்று. எங்கள் ஊரில் பேரவைக் கூட்டத்துக்கு டீ வாங்கி வைப்பதோடு நிற்கிறது.

திருச்சபைச் சட்டத் தொகுப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். 536-ஆம் விதி பங்குப் பேரவையைப் பற்றியது. 537-ஆம் விதி ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருந்தே ஆக வேண்டும் என்கிறது. இவற்றில் பெண் இருக்கக்கூடாது என்றோ தலித் இருக்கக்கூடாது என்றோ எந்த விதியும் சொல்லவில்லை. குருத்துவத்தைப் பற்றி நான் இங்கே பேசவே இல்லை. இருக்கிற சட்டத்துக்குள், நாளைக்கே, ஒரு பங்குத்தந்தையின் கையெழுத்தில் நடக்கக்கூடியதைத்தான் பேசுகிறேன். அதுகூட நடக்கவில்லை என்றால் தடுப்பது சட்டம் அல்ல, சாதி.

விவிலியத்தைக் கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் கடைசி அதிகாரத்தில் பவுல் பெண்களைப் பெயர் சொல்லி வாழ்த்துகிறார். பெய்பா, பிரிஸ்கா, மரியா என்று பட்டியல் நீள்கிறது. பெய்பாவை அவர் அறிமுகப்படுத்துவது திருத்தொண்டராக, பொறுப்பில் இருப்பவராக. இன்னொரு பக்கம், பெத்தானியாவில் இயேசுவின் தலையில் நறுமணத் தைலம் ஊற்றிய பெண்ணின் செயல் உலகெங்கும் நினைவுகூரப்படும் என்று மாற்கு நற்செய்தி சொல்கிறது. அந்த நற்செய்தியிலேயே அவள் பெயர் இல்லை. செயலைப் புகழ்ந்துவிட்டுச் செய்தவளை மறப்பது அவ்வளவு பழைய பழக்கம்.

இரண்டு கதவும் மூடியவள்

எங்கள் பெண்களுக்கு ஏன் பங்கில் பதவி இவ்வளவு முக்கியம் என்று கேட்கலாம். வெளியே கதவு மூடியிருப்பதால்தான். 1950 ஆகஸ்ட் 10 அன்று வந்த குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி என்பதை இந்துக்களுக்கு மட்டும் உரியதாக்கியது. 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். தலித் கிறித்தவரை இன்றுவரை சேர்க்கவில்லை. 1985-இல் சூசை வழக்கில் உச்ச நீதிமன்றமும் கைவிரித்தது. 2007-இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் சேர்க்கச் சொன்னது. 2023 ஏப்ரல் 19-இல் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டது. ஒன்றிய அரசு 2022-இல் கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையத்தை அமைத்துக் காலத்தைக் கடத்தியது.

இதன் பொருள் எங்கள் தெருவில் இப்படி இறங்குகிறது: பட்டியல் சாதிப் பெண்ணுக்கென ஒதுக்கிய ஊராட்சித் தொகுதியில் தலித் கத்தோலிக்கப் பெண் நிற்க முடியாது. சாதியைச் சொல்லி அவளைத் திட்டினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் அவளால் புகார் கொடுக்க முடியாது. அரசு அவளிடம், 'உங்கள் மதத்தில் சாதி இல்லையே' என்கிறது. கோவிலுக்கு வந்தால் அங்கே சாதி அவளுக்கு முன்பே வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறது. ஆகஸ்ட் 10-ஐக் கறுப்பு நாளாகக் கடைப்பிடித்து, தலித் கிறித்தவருக்கு நீதி கேட்டு ஆயர்கள் அறிக்கை விடுகிறார்கள். நல்லது. ஆனால் பிரதமரிடம் கேட்கும் நீதியைப் பங்குப் பேரவையில் கொடுத்துவிட்டுக் கேட்டால் அந்தக் குரலுக்கு இன்னும் வலு இருக்கும்.

சில மறுமொழிகள்

'கோவிலுக்குள் சாதியைக் கொண்டுவராதீர்கள்' என்பார்கள். கொண்டுவந்தது நாங்கள் அல்ல. இருப்பதைச் சொல்வதால் அது வந்துவிடுவதில்லை, சொல்லாததால் போய்விடுவதும் இல்லை.

'பணி என்பது இடக்கை அறியாமல் வலக்கை செய்வது, பதவி கேட்பது தாழ்ச்சிக்கு அழகல்ல' என்பார்கள். தாழ்ச்சியை எப்போதும் தாழ்த்தப்பட்டவளிடமே எதிர்பார்ப்பது ஏன்? கல்வெட்டில் நன்கொடையாளர் பெயரைச் செதுக்கும்போது இடக்கையும் வலக்கையும் நினைவுக்கு வருவதில்லையே.

'உங்கள் பெண்களுக்குக் கணக்கு வழக்கு தெரியாது' என்பதுதான் கடைசி ஆயுதம். சுய உதவிக் குழுவில் பதினைந்து பேரின் சேமிப்பையும் கடனையும் வட்டியையும் ஒரு பைசா பிசகாமல் வைத்திருப்பவர்கள் இவர்கள். எத்தனை சரம் பின்னினோம், எவ்வளவு பிடித்தம், எவ்வளவு கைக்கு வர வேண்டும் என்பதை மனக்கணக்காகச் சொல்பவர்கள். கணக்கு தெரியாது என்பதல்ல, தெரிந்துவிடும் என்பதுதான் அச்சம்.

என்ன செய்யலாம்

பங்கு என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள். ஒன்று பங்குத்தந்தையின் ஆளுகைக்குட்பட்ட ஊர்களின் தொகுதி. இன்னொன்று, ஒருவருக்குச் சேர வேண்டிய பாகம். முதலாவதில் இரண்டாவது இல்லாமல் போனதுதான் எங்கள் வழக்கு. அதைச் சரிசெய்யப் பெரிய மாநாடுகள் வேண்டாம். இவற்றைச் செய்தால் போதும்.

முதலாவது, பங்குப் பேரவையிலும் நிதிக்குழுவிலும் பாதி இடம் பெண்களுக்கு. அதில் தலித் பெண்களுக்குப் பங்கின் மக்கள்தொகையில் அவர்களுக்குள்ள அளவுக்குக் குறையாத இடம். உறுப்பினர் பட்டியலும் ஆண்டுக் கணக்கும் கோவில் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். கூட்டம் ஆலை வேன் திரும்பிய பிறகு நடக்க வேண்டும்.

இரண்டாவது, வாசகமும் பீடப்பணியும் எல்லா அன்பியங்களுக்கும் முறை வைத்து வர வேண்டும். துடைப்பமும் அதே முறைப்படி வர வேண்டும். அது முடியாது என்றால் துப்புரவுக்கு ஆள் வைத்து முறையான கூலி கொடுங்கள். பெரிய வியாழன் பாதம் கழுவப்படும் பன்னிருவரில் சரம் பின்னி விரல் கறுத்த பெண்களும் இருக்கட்டும்.

மூன்றாவது, பெண்களைப் பெருமைப்படுத்தும் விழாவில் ஆலை முதலாளிகள் சிறப்பு விருந்தினராக வர வேண்டாம். யாருக்கு மரியாதை என்பதை அன்பியங்களே பெயர் சொல்லித் தேர்ந்தெடுக்கட்டும். விபத்து வீட்டுக்கு ஓடியவள், கூலிக்காகக் கேள்வி கேட்டவள், பிள்ளையை ஆலைக்கு விடாமல் காத்தவள் ஆகியோர் அந்தப் பட்டியலின் தலையில் இருக்கட்டும்.

நான்காவது, நவம்பர் 2 கல்லறைத் திருநாள் தீபாவளியை ஒட்டியே வருகிறது. அன்று பட்டாசு விபத்தில் இறந்த நம் பகுதித் தொழிலாளர் அனைவரின் பெயரையும், மதம் பார்க்காமல், எந்த ஊர், எந்த ஆண்டு, என்ன காரணம் என்பதோடு ஒவ்வொரு கோவிலிலும் வாசிக்க வேண்டும். அந்தக் காரணங்களை ஆண்டு முழுக்கக் கண்காணிக்கவும் மாவட்ட ஆட்சியரிடம் கொண்டுபோகவும் பங்கில் பெண் தொழிலாளர்களின் குழு ஒன்று வேண்டும். பங்குத்தந்தை அவர்கள் பக்கம் நின்றால் ஒரு சூபர்வைசர் அவர்களை எளிதில் மிரட்ட முடியாது. திருச்சபையால் இந்த மண்ணில் உயிரைக் காப்பாற்ற முடியும் என்றால் இந்த வழியில்தான்.

இவற்றில் எதற்கும் உரோமையின் அனுமதி தேவையில்லை. ஒரு தீர்மானமும் ஒரு பேரவைக் கூட்டமும் போதும். அடுத்த மார்ச் 8-க்கு முன்னால் ஏதாவது ஒரு பங்கு முதல் கோரிக்கையை மட்டுமாவது நிறைவேற்றட்டும். அந்தப் பங்கின் பொன்னாடை விழாவில் கைதட்ட நானும் வருவேன். மற்ற பங்குகளில் வரிசையில் நிற்கப்போகும் அக்காமார்களுக்கும் அத்தைமார்களுக்கும் ஒன்றே ஒன்று: பொன்னாடையை வாங்கிக்கொள்ளுங்கள், அது உங்கள் உழைப்புக்கு வந்தது. வாங்கிய கையோடு மைக்கையும் கேட்டு வாங்கி, நிதிக்குழுவில் எங்கள் இடம் எங்கே என்று கேளுங்கள்.